விருந்தினராய் அழைக்கின்றனர், பங்காளியாய் அழைப்பது எந்நாள்?



சில ஆண்டுகளுக்கு முன்பு, மாநிலத்தின் வேறொரு பகுதியில் உள்ள உயர்கல்விக்கூடம் ஒன்றிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. இயற்கைப் பேணல் நாளாம். 'சமூகப் பங்கேற்பு' என்று அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தனர். மாணவர்களையும் பத்துப் பன்னிரண்டு பெற்றோர்களையும் பேருந்தில் ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே புறப்பட்டோம்.

கூடாரம் போட்டிருந்தனர். சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். மூன்று உரைகள் நிகழ்ந்தன. பிறகு ஆளுக்கொரு மரக்கன்று கொடுத்து, முன்பே தோண்டி வைத்திருந்த குழியில் நடச் சொன்னார்கள். ஒவ்வொரு கன்றின் அருகிலும் நட்டவர் பெயர் எழுதிய பலகை. படம் எடுத்தார்கள். போலிஸ்திரின் பெட்டியில் நண்பகல் உணவு தந்தார்கள். வீடு திரும்பினோம்.

மூன்று மாதம் கழித்து வேறு அலுவலாக நான் அவ்வழியே செல்ல நேர்ந்தது. கன்றுகளில் பெரும்பாலானவை காய்ந்து போயிருந்தன. பெயர்ப்பலகைகள் மட்டும் வரிசை குலையாமல் நின்றன. அடுத்த வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "ஐயா, என் மரம் இப்போது எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கும்?" என்று கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. வகுப்புக்கு நேரமாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த வெட்கந்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் சுற்றுச்சூழல் நடவடிக்கைகளில் நாம் விருந்தினராக அமர்ந்திருக்கிறோம். விருந்தினருக்குப் பொறுப்பு கிடையாது. உண்டு, படம் எடுத்துக்கொண்டு, போய்விடலாம். பங்காளிக்கோ போட்ட முதலும் உண்டு, கணக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. சமூகப் பங்கேற்பு என்பது இந்தப் பங்காளித்தனமே அன்றி, கூடாரத்தில் நாற்காலியை நிரப்புவது அன்று.

இதில் நமக்கென்ன அவ்வளவு அக்கறை என்று கேட்போர் இருக்கக்கூடும். நம் ஊர்ப்பெயரையே எண்ணிப் பாருங்கள். ஆயர் ஈத்தாம் என்றால் கறுப்பு நீர். நம்மைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களையும் பாருங்கள். பாரிட் ராஜா, பாரிட் சூலோங், பாரிட் யாணி... 'பாரிட்' என்றால் வெட்டப்பட்ட கால்வாய். சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி, நீரை வடித்து, அதன்பின் குடியேறிப் பயிர் செய்த வட்டாரம் இது.

இந்த மேற்கு ஜொகூர்ப் பகுதியில் 'தானா கம்புட்' எனப்படும் கரிச்சதுப்பு நிலம் நிறைய உண்டு. பல்லாயிரம் ஆண்டுகளாக இலையும் வேரும் மரமும் நீரில் மூழ்கி, முழுதும் மக்காமல் படிந்து உண்டான மண் இது. கால்வாய்களில் ஓடும் நீர் தேநீர் போல் கறுத்திருப்பதும் இம்மண்ணால்தான். நீருக்குள் இருக்கும் வரையில் அதிலுள்ள கரிமம் அங்கேயே தங்கியிருக்கும். நீரை வடித்தால் மண்ணுக்குள் காற்றுப் புகும். மண் மக்கத் தொடங்கும். கரிமம் கரியமிலவாயுவாக மேலே செல்லும். நிலம் கீழே இறங்கும். மேற்கு ஜொகூரின் கரிச்சதுப்பு நிலங்களை அளந்து 1997ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, வடிகால் வெட்டிய தொடக்கக் காலத்து வேகமான இறக்கம் தணிந்த பின்னரும், நிலம் ஆண்டுக்குச் சராசரி 2 செண்டிமீட்டர் இறங்கியதைக் காட்டியது. ஆண்டுக்கு இரண்டு செண்டிமீட்டர் என்றால் ஐம்பது ஆண்டில் ஒரு மீட்டர்! அதாவது, ஒரு பாட்டி பிறந்த நிலமும் அவர் பேரன் விளையாடும் நிலமும் ஒரே உயரத்தில் இல்லை.

நிலம் இறங்க இறங்க, நீர் தானாகக் கடலுக்கு வடிவது கடினமாகிறது. மறுபுறம், வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக ஈரத்தைத் தாங்கும். ஆகவே மழை பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. மேலிருந்து கூடுதல் நீர். கீழே வடிய வழியில்லை. இவ்விரண்டுக்கும் நடுவில் நம் வீடுகள்.

2006 டிசம்பரிலும் 2007 சனவரியிலும் வந்த வெள்ளத்தை இவ்வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. ஜொகூரில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினர். 2023 மார்ச்சிலும் மாநிலத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் துயர்துடைப்பு மையங்களில் தங்கினர். பிற மாவட்டங்களில் நீர் வடிந்த பின்னரும் நம் பத்து பகாட் மாவட்டத்தில் வாரக்கணக்கில் தேங்கி நின்றது.

அந்த வெள்ளத்திற்குப் பிறகு மாணவர் ஒருவரின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவருடைய தாத்தா தோட்டத்தில் கால்வாய் வெட்டும் வேலையில் இருந்தவர். வீட்டுத் தூணில் இரண்டு கோடுகளைக் காட்டினார். ஒன்று 2006, மற்றொன்று 2023. ஆணியால் கீறி வைத்திருந்தார். எந்தக் கால்வாய் முதலில் நிரம்பும், எந்த மதகு அடைத்துக்கொள்ளும், எந்தப் பக்கத்திலிருந்து நீர் ஏறும் என்று விரல் விட்டுச் சொன்னார். "இதை யாராவது வந்து கேட்டார்களா, ஐயா?" என்றேன். "என்னை யார் கேட்பார்கள், வாத்தியாரே? நான் படிக்காதவன்" என்றார்.

அன்பர்களே, இங்கேதான் நம் இழப்பு இருக்கிறது. கல்விக்கூடத்தில் கருவி இருக்கிறது. கணிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நம் வீடுகளில் ஐம்பது ஆண்டு நினைவு இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமலேயே காலம் கழிகிறது. அந்தத் தாத்தாவின் காலத்திற்குப் பிறகு அந்தத் தூணும் இராது, கோடும் இராது.

இரண்டும் சந்திக்க முடியுமா? முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், இஸ்கண்டார் வட்டார மேம்பாட்டு வாரியத்தோடும் பிற அமைப்புகளோடும் சேர்ந்து 2013இல் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு ஒரு போட்டியைத் தொடங்கியது. 'இஸ்கண்டார் மலேசியா ஈக்கோலைஃப் சேலஞ்ச்' என்பது அதன் பெயர். ஜப்பானின் கியோத்தோ நகரில் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடந்துவந்த திட்டமே இதற்கு முன்மாதிரி. முதலாண்டில் 23 பள்ளிகள் பங்கேற்றன. பின்னர் அவ்வட்டாரத்தின் இருநூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. 2025க்குள் கரிம உமிழ்வுச் செறிவை 2005ஆம் ஆண்டின் அளவிலிருந்து 58 விழுக்காடு குறைப்பது என்று இஸ்கண்டார் வட்டாரத்திற்கு 2012இல் ஓர் இலக்கு வகுக்கப்பட்டிருந்தது. அந்தப் பெரிய இலக்கைச் சின்னப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டு சேர்த்த திட்டம் இது.

அதில் எனக்குப் பிடித்தது பரிசு அன்று, பயிற்சிநூல். பிள்ளை தன் வீட்டு மின்கட்டணச் சீட்டையும் நீர்க்கட்டணச் சீட்டையும் பார்த்து எழுத வேண்டும். மறுமாதம் ஒப்பிட வேண்டும். வீட்டில் குப்பையைப் பிரிக்க வேண்டும். இதனால் நடப்பது என்ன? அம்மாவும் அப்பாவும் தாமாகவே உள்ளே வந்துவிடுகிறார்கள். "ஏன் இந்த மாதம் கூடியது?" என்று பிள்ளை கேட்கும்போது பதில் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகம் வகுத்த கேள்வி வீட்டுச் சமையலறைக்குச் சென்று, விடையோடு திரும்புகிறது. கூடாரம் இல்லை, மாலை இல்லை. ஆனால் குடும்பமே பங்காளி ஆகிவிடுகிறது.

ஆயர் ஈத்தாம் இஸ்கண்டார் எல்லைக்குள் இல்லை. அதனால் என்ன? நமக்குப் பக்கத்திலேயே பாரிட் ராஜாவில் துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1993இல் பயிற்சி மையமாகத் தொடங்கி, 2007இல் இப்போதைய பெயரைப் பெற்றது. மென்மண் ஆய்வுக்கென்றே அங்கு ஓர் ஆய்வு மையம் உண்டு. நம் காலடி மண்ணைப் படிப்பவர்கள் நம் அண்டை வீட்டார்! நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நாமாவது சென்று கதவைத் தட்டினோமா? குறையை ஒரு பக்கம் மட்டும் ஏற்றுவது முறையன்று. அழைப்பு வரட்டும் என்று காத்திருந்தது நம் குற்றம்.

மறுப்புகள் சில எழும். அவற்றையும் பார்ப்போம்.

"பெற்றோருக்கு நேரம் எங்கே?" உண்மைதான். தொழிற்சாலையில் மாறுநேர வேலை. ஞாயிறன்றும் கூடுதல் வேலை. அதனால்தான் நாள் முழுதும் நடக்கும் விழாவை விட, வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் முடியும் பதிவு நல்லது என்கிறேன்.

"மொழி புரியவில்லை." இதுவும் உண்மை. தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி அனுப்புவது நம் கடமை. பருவநிலை மாற்றம் என்ற சொல்லைப் பாட்டியிடம் சொன்னால் விழிப்பார். "முன்பெல்லாம் மழை எப்போது பிடிக்கும், இப்போது எப்போது பிடிக்கிறது?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்.

"வீட்டில் விளக்கை அணைத்தால் வெள்ளம் நின்றுவிடுமா?" இதுதான் கனமான கேள்வி. நிற்காது. காட்டை அழிப்பதும் கால்வாயை வெட்டுவதும் பெரியவர்களின் முடிவுகள். நம் வீட்டு விளக்கு அதற்கு ஈடாகாது. ஆனால் கணக்கு வைத்திருப்பவனுக்குக் கேள்வி கேட்கும் தகுதி உண்டு. "எங்கள் ஊரில் வெள்ளம் அதிகம்" என்று மனு கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். "இன்ன நாளில் இத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது, இத்தனை மணி நேரத்தில் இந்தக் கால்வாய் நிரம்பியது, மூன்றாண்டுப் பதிவு இதோ" என்று கொடுத்தால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

ஆகவே என் பரிந்துரைகள் இவை:

1. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு மழைமானி. நேரான பக்கங்கள் கொண்ட தகரக் குவளையும் அளவுகோலும் போதும். நாள்தோறும் காலை எட்டு மணிக்கு அளந்து, எழுதி, ஊற்றிவிட வேண்டும். விடுமுறையில் அருகில் வாழும் பெற்றோர் ஒருவர் பொறுப்பேற்கலாம்.

2. வெள்ளக்கோட்டுப் பதிவேடு. எந்த வீட்டில், எந்த ஆண்டில், எவ்வளவு உயரம் நீர் ஏறியது என்று பெரியவர்களிடம் கேட்டு மாணவர்கள் எழுத வேண்டும். வாய்மொழிப் பயிற்சியாகவும் கட்டுரைப் பயிற்சியாகவும் இது அமையும்.

3. மின்கட்டண, நீர்க்கட்டணக் கையேடு. ஈராண்டுக்குத் தொடர வேண்டும். குடும்பத்தின் பெயரை வெளியிடக் கூடாது.

4. இப்பதிவுகளைக் கல்லூரி மாணவர்கள் ஆய்ந்து, முடிவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தமிழில் விளக்க வேண்டும். நம்மிடம் தரவைப் பெற்றுக்கொண்டு போனவர்கள் விடையோடு திரும்பி வரவேண்டும் என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்தல் நலம்.

5. மரம் நடுவதாயின், மூன்றாண்டு நீர் ஊற்றுபவர் யார் என்று முடிவானபின் நடுவோம். பத்து நட்டுப் பத்தையும் காப்பது, நூறு நட்டு நூற்றையும் இழப்பதினும் மேல்.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே பணிச்சுமை உண்டு என்பதை அறிவேன். நானும் அந்தச் சுமையைச் சுமப்பவன்தான். மேற்கண்டவற்றுள் முதலாவதை மட்டுமேனும் தொடங்குங்கள். ஒரு குவளை, ஓர் ஏடு, ஒரு மாணவர். அடுத்த பருவமழைக்குள் கையில் ஏதேனும் இருக்கும்.

இனி அழைப்பிதழ் வரும்போது நாம் பணிவோடு மூன்று கேள்விகள் கேட்போம். இந்த நிகழ்ச்சி முடிந்த மறுநாள் என்ன நடக்கும்? எங்கள் பங்கு என்ன? அடுத்த ஆண்டு எங்களிடம் கணக்குச் சொல்ல வருபவர் யார்? இவற்றுக்கு விடையிருந்தால் குடும்பத்தோடு செல்வோம். விடையில்லையேல், அந்த விடையைச் சேர்ந்து உருவாக்கலாம், வாருங்கள் என்று அவர்களை நம் பள்ளிக்கு அழைப்போம். கோத்தோங் ரோயோங் என்றால் மண்வெட்டியோடு வரத் தெரிந்த சமூகம் நாம். ஏட்டோடும் வரத் தெரிந்துகொள்வோம்.

அன்று என்னிடம் கேட்ட மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். இன்னும் சில ஆண்டுகளில் ஏதோ ஒரு கல்லூரியில் அவளே இத்தகைய நிகழ்ச்சிக்கு ஏற்பாட்டாளராக இருக்கக்கூடும். அவள் அழைப்பிதழில் 'சமூகப் பங்கேற்பு' என்று எழுதும்போது, அந்தச் சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டும். அதை இப்போதே கற்றுக்கொடுப்பது நம் கடன்.

சிந்திப்போம், செயற்படுவோம்.

அன்புடன்,
ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தமிழாசிரியன்