பாதியில் நிற்கும் இணைப்பு

பாகிஸ்தானின் பஷ்தூன் பழங்குடிப் பகுதிகளை 2018இல் கைபர் பக்தூன்க்வா மாகாணத்தோடு இணைத்தது தவறு, பழைய ஏற்பாட்டுக்கே திரும்பிவிடலாம் என்ற பேச்சு அந்த நாட்டில் மறுபடி அடிபடுகிறது. ஜிர்கா எனும் குலப் பஞ்சாயத்துக்கு உயிர் கொடுப்பது பற்றி ஆராய 2025இல் கூட்டாட்சி அரசே ஒரு குழுவை அமைத்தது. இணைப்பால் அந்த மக்கள் பெரிதாக எதையும் கண்டுவிடவில்லை என்பது உண்மைதான். அதற்காகப் பழைய குழியிலேயே அவர்களைத் தள்ளுவதில் நியாயமில்லை.

அந்தப் பழைய ஏற்பாட்டைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. பஜௌர், மொஹ்மந்து, கைபர், ஓரக்சாய், குர்ரம், வடக்கு வஜீரிஸ்தான், தெற்கு வஜீரிஸ்தான் என ஏழு ஏஜென்சிகள். அவற்றோடு சில சிறு எல்லைப் பகுதிகள். மொத்தம் சுமார் 27,000 சதுர கிலோமீட்டர் மலைநாடு. 2017 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 50 லட்சம் மக்கள். ஏஜென்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு பொலிடிகல் ஏஜென்ட். வரி, காவல், விசாரணை, தண்டனை எல்லாம் அந்த ஒரே அதிகாரியின் கையில். அவர் அங்கீகரித்த மாலிக்குகள் எனும் குலத் தலைவர்களுக்கு அரசுப் படி கிடைக்கும். ஜிர்காவில் யார் உட்காருவது என்பதையும் அவரே முடிவுசெய்வார். அங்கே உயர் நீதிமன்றம் எட்டிப் பார்க்கவும் அரசமைப்பு இடம் தரவில்லை.

இதற்கெல்லாம் அடித்தளம் 1901ஆம் ஆண்டின் எல்லைப்புறக் குற்ற ஒழுங்குமுறைச் சட்டம். ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் குலத்தவர் யாரையும் பிடித்து அடைக்கலாம்; கடைவீதியை மூடலாம்; வீட்டை இடிக்கலாம். இந்தக் கூட்டுத் தண்டனையிலிருந்து பெண்களுக்கும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் விலக்கு கிடைத்ததே 2011இல்தான். குற்றப் பரம்பரைச் சட்டத்தில் சிக்கி, இரவெல்லாம் காவல் நிலையத்தில் முடங்கிக் கிடந்த சமூகங்கள் தமிழகத்திலும் உண்டு. பிறப்பையே குற்றமாகப் பார்த்த அதே காலனியப் புத்திதான் எல்லைப்புறத்திலும் வேலை செய்தது. நம்மவர்கள் எல்லைக் காந்தி என்று அன்போடு அழைத்த அப்துல் கஃபார் கானை 1921இல் ஆங்கிலேயர்கள் இதே சட்டத்தின் 40ஆம் பிரிவில்தான் மூன்றாண்டு சிறைக்கு அனுப்பினார்கள். 1948இல் பாகிஸ்தான் அரசும் அவரை அதே பிரிவில், அதே மூன்றாண்டுக்கு உள்ளே தள்ளியது. ஆட்சி மாறியும் சட்டம் மாறவில்லை.

மலையும் குலமும் அப்படி, அங்கே வேறு சட்டம் செல்லாது என்பது பழைய ஏற்பாட்டை ஆதரிப்பவர்களின் வாதம். நில அமைப்பு கடினமானதுதான். குர்ரம், டோச்சி, கோமல் ஆறுகள் மேற்கே ஆப்கான் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி இறங்குகின்றன. பாதைகளும் பெரும்பாலும் அவற்றை ஒட்டியே செல்வதால், ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போகவே சமவெளிக்கு இறங்கி மறுபடி ஏற வேண்டியிருக்கும். கைபர் பக்கம் அஃப்ரீதிகளும் ஷின்வாரிகளும், வஜீரிஸ்தானில் வஜீர்களும் மெஹ்சூதுகளும் தாவர்களும் என்று பள்ளத்தாக்குக்கு ஒரு குலம் வாழ்கிறது. ஆனால் மர்தானிலும் ஸ்வாபியிலும் வாழும் யூசுஃப்சாய்களும் பஷ்தூன்கள்தானே! அவர்கள் தலைமுறைகளாக நீதிமன்றப் படியேறித்தான் வழக்காடுகிறார்கள். அதனால் அவர்கள் மானம் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

இணைப்பு எங்கே சறுக்கியது என்பதற்குக் குர்ரமைப் பார்த்தால் போதும். ஆப்கானிஸ்தானுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இந்த மாவட்டத்தின் தலைநகர் பாராசினார். அங்கிருந்து காபூல் சுமார் நூறு கிலோமீட்டர்தான். பெஷாவர் அதைவிடத் தொலைவு. மேல் குர்ரமில் ஷியா பிரிவைச் சேர்ந்த தூரிகள் பெரும்பான்மை; கீழே சன்னி குலங்கள். பெஷாவருக்குப் போகும் முக்கிய வழி டால் நகருக்கு இறங்கும் ஒரே சாலைதான். 2007க்குப் பிந்தைய கலவர ஆண்டுகளில் அந்தச் சாலை அடைபட்டபோது, சொந்த மாகாணத் தலைநகருக்குப் போகவே மக்கள் ஆப்கானிஸ்தானைச் சுற்றிக்கொண்டு போனார்கள். 2024இல் இதே மாவட்டத்தின் போஷெஹ்ராவில் ஒரு நிலத் தகராறு மோதலாக வெடித்தது. அக்டோபரில் சாலை அடைபட்டு, பாராசினார் மருத்துவமனையில் மருந்துக்குத் திண்டாட்டம் வந்தது. நவம்பர் 21 அன்று காவலோடு சென்ற வாகனங்கள்மீது நடந்த தாக்குதலில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

2025 ஜனவரி முதல் நாள் கோஹாட்டில் குர்ரம் சண்டையை நிறுத்தும் உடன்படிக்கையை எட்டியது ஜிர்காதான் என்று எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டும். சரிதான். சண்டையை நிறுத்தப் பெரியவர்கள் கூடி உட்காருவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அடுத்த சில நாட்களிலேயே அந்தச் சாலையில் மாவட்டத் துணை ஆணையரே சுடப்பட்டுக் காயமடைந்தார். எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் ஆவணத்தை ஜிர்காவால் உண்டாக்க முடியாது. பழங்குடி மாவட்டங்களில் பெரும்பாலானவற்றில் நில அளவையே நடந்ததில்லை. மலைச்சரிவும் காடும் நீரும் எந்தக் குலத்துக்கு என்பது வாய்ச்சொல்லில் நிற்கிறது. வாய்ச்சொல் பொய்த்த இடத்தில் துப்பாக்கி பேசுகிறது.

நீதிமன்றத்தில் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது, ஜிர்கா சில நாட்களில் முடித்துவிடும் என்கிறார்கள். அந்த வேகத்துக்குக் காரணம், தீர்ப்பு பிடிக்காதவனுக்குப் போக வேறு இடம் இல்லாததுதான். பெண்களுக்கோ அந்த அவையில் உட்காரவே இடமில்லை. இணைப்புக்குப் பின் வந்த நீதிமன்றங்களையாவது ஊருக்குள் வைத்தார்களா? தெற்கு வஜீரிஸ்தானின் நீதிமன்றத்தை டாங்க் நகரிலும், வடக்கு வஜீரிஸ்தானின் நீதிமன்றத்தைப் பன்னுவிலும் வைத்தார்கள். இரண்டுமே அந்தந்த மாவட்டத்துக்கு வெளியே இருக்கும் ஊர்கள். தெற்கு வஜீரிஸ்தானின் வானாவில் காணித் தகராறு உள்ள ஒருவர் மலையிறங்கி டாங்க் வரை போய், வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பினால் அவருக்கு ஜிர்கா இனிக்கத்தான் செய்யும்.

பணத்தின் கதை இதைவிட மோசம். தேசிய நிதித் தொகுப்பிலிருந்து ஆண்டுதோறும் 3 சதவீதம் ஒதுக்குவோம் என்ற வாக்குறுதியோடுதான் இணைப்பு நடந்தது. தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கச் சில மாகாணங்கள் முன்வராததால் அது ஏட்டோடு நின்றது. 2010இல் வகுத்த நிதிப் பங்கீடே இணைப்புக்குப் பின்னும் தொடர்ந்தது. கைபர் பக்தூன்க்வாவுக்கான அந்தப் பங்கில் பழங்குடி மாவட்ட மக்கள் கணக்கிலேயே இல்லை. 2014இல் ராணுவ நடவடிக்கையால் வடக்கு வஜீரிஸ்தானிலிருந்து லட்சக்கணக்கில் வெளியேறி, இடிந்த வீடுகளுக்குத் திரும்பியவர்களும் இவர்களில் உண்டு.

பழைய முறைக்கு வழிதேடும் குழுக்களை இஸ்லாமாபாத் மூட்டைகட்டி வைக்கட்டும். நில அளவையாளர்களை மலைக்கு அனுப்பட்டும், நீதிமன்றங்களை மாவட்டங்களுக்குள் கொண்டுபோகட்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், நிதிப் பங்கீட்டில் அந்த 50 லட்சம் பேரையும் கணக்கில் சேர்க்கட்டும். இவற்றைச் செய்யாத வரை இணைப்பு தோற்றுவிட்டது என்று சொல்ல இஸ்லாமாபாத்துக்கு உரிமையில்லை.