மீண்டும் குழாய் பொருத்துவது தோல்வியன்று

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி, "குழாயை எப்போது எடுப்பீர்கள்?" என்பதே. கேட்பது இயல்பு. ஆயினும் இதற்கு நாள் குறித்து விடை சொல்லக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது நுரையீரலில். காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்பாக்டன்ட் என்னும் பொருள் போதிய அளவு சுரந்திராது. அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் 1963-இல் குறைமாதத்தில் பிறந்து இரண்டு நாள்கூட நிறையாமல் இறந்தது இந்தக் குறையால்தான். நாட்டின் தலைவர் வீட்டுக் குழந்தைக்கும் அன்று மருந்தில்லை. இடைவிடாது காற்றழுத்தம் தரும் சி-பாப் முறை 1971-இலும், மாட்டின் நுரையீரலிலிருந்து எடுத்த சர்பாக்டன்ட் 1980-இலும் மருத்துவ உலகிற்கு அறிவிக்கப்பட்டன. இரண்டாவது குறை மூளையில். மூச்சுவிட வேண்டுமென்பதையே அது அவ்வப்போது மறந்துவிடும். நாங்கள் கொடுக்கும் காஃபின் இதற்காகத்தான். காப்பியில் இருப்பதும் அதுவே என்றறிந்து வியக்காத பாட்டிமார் குறைவு.

இந்தக் குறைகள் தீரும் வேகம் குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். பக்கத்துத் தொட்டில் குழந்தையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

எல்லாக் கருவிகளையும் ஒன்றாகக் கருதுவதும் சரியன்று. மூச்சுக்குழாய்க்குள் செல்லும் வென்டிலேட்டர் குழாயை இயன்ற அளவு விரைவில் எடுக்கவே வேண்டும். அதன் அழுத்தமும் ஆக்சிஜனும் முதிராத நுரையீரலைப் புண்படுத்தும். கிருமித்தொற்றுக்கும் அது வழியாகும். சி-பாப் அவ்வாறன்று. அதில் அவசரம் தேவையில்லை. அதனைக் கழற்றியபின் குழந்தை விலா உள்வாங்க மூச்சு வாங்கினால், பாலிலிருந்து பெறும் சத்து முழுவதும் மூச்சுக்கே செலவாகும்; எடை ஏறாது. முன்னதில் விரைவும் பின்னதில் பொறுமையும் வேண்டும் என்கிறோம்.

திரையில் 92 என்ற எண்ணைக் கண்டு, ஆக்சிஜனைக் கூட்டி 100 ஆக்குமாறு வேண்டும் பெற்றோர் உண்டு. ஆக்சிஜன் தரப்படும் குறைமாதக் குழந்தைக்கு 90 முதல் 95 வரையே நாங்கள் நாடும் அளவு. மிகுதியான ஆக்சிஜன் விழித்திரையைக் கெடுக்கும். ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்த 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வையிழந்தனர்.

குழாயை எடுத்தபின் சில குழந்தைகளுக்கு அதனைத் திரும்பப் பொருத்த நேரும். மருத்துவ நூல்கள் இதனைத் 'தோல்வி' என்றே குறிக்கின்றன. அச்சொல் பெற்றோரின் காதுக்கு வரக்கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு. தோற்றது யார்? ஒரு கிலோ எடையுள்ள குழந்தையா, பால் சுரக்கப் போராடும் தாயா? இரண்டு நாள் தானாக மூச்சுவிட்ட குழந்தை இன்னும் ஓய்வு வேண்டுமென்று தெரிவிக்கிறது, அவ்வளவே. உறவினர் தொலைபேசியில் "இன்னுமா குழாய்?" என்று வினவும்போது, தாய் தன்னையே நொந்துகொள்வதைப் பன்முறை கண்டிருக்கிறோம். அந்த அழைப்புகளைத் தந்தை ஏற்றுப் பேசுவது நல்லது.

குழந்தையின் நிலை சீராக இருப்பின், சி-பாப் பொருத்தியபடியே தாயோ தந்தையோ மார்போடு அணைத்துக்கொள்ளலாம். கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் 1970-களின் இறுதியில் தொடங்கிய கங்காரு பராமரிப்பு இதுவே. வயர்களைக் கண்டு அஞ்சித் தள்ளி நிற்க வேண்டியதில்லை. செவிலியர் உடன் நின்று அமர்த்தித் தருவார்.

எப்போது எடுப்பீர்கள் என்பதற்குப் பதிலாகச் சிலவற்றைக் கேளுங்கள்: நேற்று எத்தனை முறை மூச்சு நின்றது? தானாக மீண்டதா, தட்டி எழுப்ப வேண்டியிருந்ததா? ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு? எடை எத்தனை கிராம் ஏறியது? இவையனைத்தும் தொட்டிலருகே உள்ள குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதப்படுகின்றன. எந்தச் செவிலியரிடமும் கேட்கலாம்.