சென்னை டு சியோல்: தூரம் கம்மி, நேரம் ஜாஸ்தி... ஏன்?

ஒரகடம் – ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் வேலை பார்ப்பவர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் புதுசு இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் இருந்து கார் தயாரிக்கும் ஹூண்டாயின் தலைமையகம் சியோலில். ஒரகடத்தில் 2012-ல் திறக்கப்பட்ட டெய்ம்லர் லாரி ஆலையின் தாய் நிறுவனம் ஜெர்மனியில். இந்த இரண்டு ஊரில் எது நமக்குப் பக்கம்?

மேப்பில் பார்த்தால் சியோல்தான். நேர்க்கோட்டில் அளந்தால் சென்னை – இன்சியோன் சுமார் 5,300 கி.மீ. சென்னை – ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 7,600 கி.மீ. ஆனால் கடிகாரம் வேறு கணக்கு சொல்கிறது.

எவ்வளவு நேரம் ஆகும்?

ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சாவின் நேரடி விமானம் உண்டு. சுமார் 10 மணி நேரத்தில் போய்விடலாம். சியோலுக்குச் சென்னையில் இருந்து வழக்கமான நேரடி விமானம் இல்லை. இருந்தால் 7 மணி நேரம் போதும். இப்போது சிங்கப்பூர் வழியாகப் போனால் பறக்கும் தூரமே 7,500 கி.மீ. ஆகிவிடும். முதல் விமானம் 4 மணி நேரம், அடுத்தது ஆறரை மணி நேரம். நடுவில் காத்திருப்பையும் சேர்த்தால் 13, 14 மணி நேரம் சாதாரணமாக ஆகும்.

டிக்கெட்டில் 17 மணி நேரம் மாதிரி தெரிகிறதே?

கொரியா நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே இரவு 10 மணிக்கு ஏறி, அங்கே மறுநாள் மாலை 3.30-க்கு இறங்கினால் உண்மையான பயணம் 14 மணி நேரம்தான். திரும்பி வரும்போது இதே கணக்கு தலைகீழாகும். டிக்கெட்டில் பயணம் குறைவாகத் தெரியும். ஆனால் உயரத்தில் மேற்கில் இருந்து வீசும் காற்றை எதிர்த்து வருவதால், பறக்கும் நேரம் கொஞ்சம் கூடவே ஆகும்.

ஏன் நேரடி விமானம் இல்லை?

ஒரு விமானம் லாபத்தில் ஓட, இரண்டு பக்கமும் சீட் நிரம்ப வேண்டும். அதுவும் ஆண்டு முழுக்க. கம்பெனி செலவில் பறப்பவர்கள் மட்டும் போதாது. சுற்றுலா, படிப்பு, மேலே ஒரு ஊருக்கு மாறிச் செல்பவர்கள் என எல்லாரும் வேண்டும். 2019 அக்டோபரில் ஜப்பானின் ஏ.என்.ஏ. நிறுவனம் சென்னை – நரிட்டா நேரடி சேவையைத் தொடங்கியது. சில மாதங்களில் கொரோனா வந்தது, சேவை நின்றது.

நஷ்டம் யாருக்கு?

அலைகிற இன்ஜினியருக்கு மட்டும் இல்லை. பயணிகள் விமானத்தின் அடிப்பகுதியில் சரக்கும் போகிறது. லைனில் ஒரு இயந்திரம் நின்று, அதற்கான பாகம் கொரியாவில் இருந்து வர வேண்டும் என்றால், நடுவில் விமானம் மாறும் ஒவ்வொரு மணி நேரமும் உற்பத்தி இழப்புதான்.

பரந்தூர் வந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஏகனாபுரம் மக்கள் 2022-ல் இருந்து அதை எதிர்த்துப் போராடி வருகிறார்கள். அந்த விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஓடுபாதை மட்டும் விமானத்தைக் கொண்டு வராது. தொழிற்சாலைக்கு நிலம், மின்சாரம், வரிச்சலுகை என்று பேசும் அரசு, அதே மேஜையில் நேரடி விமானத்தையும் பேச வேண்டும். நிறுவனங்களும் ஆண்டுக்கு இத்தனை சீட் எடுப்போம் என்று உறுதி தர முன்வர வேண்டும். ஒரகடத்துக்குச் சியோல் எவ்வளவு பக்கம் என்பதை மேப் முடிவு செய்வதில்லை, விமான அட்டவணைதான் முடிவு செய்கிறது.