பத்துத் தலை இருந்தால்தான் பாதுகாப்பா?



முகூர்த்த நாள் வந்துவிட்டால் வில்லியனூர்க் கடைத்தெருவிலும் பாகூர்க் கடைத்தெருவிலும் அழகு நிலையங்களில் கூட்டம் அலைமோதுகிறது. மணமகள் மலர்ந்த முகத்தோடு வெளியே வருகிறாள், கண்டோர் வாழ்த்துகின்றனர். அவளுக்கு ஒப்பனை செய்த பெண்ணோ உள்ளேயே நிற்கிறாள்: கண் எரிய, தொண்டை கமற, கழுத்தும் மணிக்கட்டும் கடுக்க! அவளை நினைத்தவர் யார்?

குளிரூட்டிக்காகச் சன்னலை அடைத்த சிறு அறை. அதற்குள் நகப்பூச்சைக் கரைக்கும் அசிட்டோன், நெடியேறும் அம்மோனியா, தோலைப் புண்ணாக்கவல்ல சாயப்பொருளாம் பாரா பினைலின் டையமின். சுருண்ட கூந்தலை நேராக்கும் பூச்சுகள் பலவற்றில், சூடேறியதும் ஃபார்மால்டிஹைடு ஆவி எழுகிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் முடிவு கூறியது. வாடிக்கையாளர் அதை என்றோ ஒருநாள் முகர்கிறார். ஊழியப் பெண் நாள்தோறும் முகர்கிறாள்.

"சட்டம் இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது! 2020-இல் இயற்றப்பெற்று, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. ஆனால், ஒரு கடைக்குள் அது நுழையப் பொதுவாகப் பத்துத் தொழிலாளர் வேண்டுமாம்! இருவரும் மூவரும் உழைக்கும் இடம் அதன் கண்ணிலே படாது. நஞ்சென்ன, தலைகளை எண்ணிப் பார்த்துவிட்டா நுரையீரலுக்குள் நுழைகிறது?

"சிறிய கடை செலவைத் தாங்குமா?" என்று சிலர் பரிவு காட்டுகின்றனர். காற்றை வெளியேற்றும் விசிறி, கையுறை, திறந்த சன்னல்: இவற்றின் விலையா ஓர் உயிரின் விலையைவிட அதிகம்? பல கடைகளில் உரிமையாளரும் அதே காற்றைச் சுவாசிக்கும் பெண்தானே!

ஊர்விட்டு ஊர் வந்து பிழைப்போரின் தொழிலும் இது. சென்னையிலும் பெங்களூரிலும் மணிப்பூர், மிசோரம் பெண்கள். கலிபோர்னியாவில் வியட்நாம் பெண்கள். வந்தேறியவள் வாய் திறவாள் என்பது இலாபக்காரர் கணக்கு. கலிபோர்னியாவில் அக்கணக்குப் பொய்த்தது! நக ஒப்பனைத் தொழிலாளர் நலனுக்காக 2005-இல் அங்கே கூட்டமைப்பு எழுந்தது. அழகு நிலையப் பொருள்களின் புட்டிகளில் உட்பொருளை அச்சிட 2018-இல் சட்டம் வந்தது. ஃபார்மால்டிஹைடு உள்ளிட்ட 24 பொருள்களைத் தடுக்கும் சட்டம் 2020-இல் பிறந்து, 2025-இல் நடைமுறைக்கு வந்தது.

அங்கே முடிந்தது இங்கே முடியாதா? இது புதுவை மண்! 1936 ஜூலை 30-இல் ஆலைத் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுகளுக்குப் பலியாயினர். எட்டு மணி நேர வேலை உரிமை அந்தக் குருதியில் விளைந்த பயிர்.

வழி அந்தச் சட்டத் தொகுப்பிலேயே உண்டு. ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவித்தால், ஒரே தொழிலாளி உள்ள இடத்துக்கும் அது செல்லும். அறிவிக்கட்டும்! புதுவை அரசு அதை வற்புறுத்தட்டும்! ஒவ்வொரு புட்டியிலும் உள்ள நஞ்சின் பெயரைத் தமிழில் அச்சிடட்டும்!

தோழர்களே, கடை கடையாகச் செல்லுங்கள். அந்தப் பெண்களிடம் பேசுங்கள். அதைவிட முதன்மையாக, அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். பத்துக் கடைகளில் சிதறிக் கிடக்கும் இருபது பெண்கள் ஒரு சங்கமானால், பத்துத் தலை எங்கே என்று கேட்கும் சட்டம் அன்று பதில் பெறும்!