செராமிக் மோகம்

சென்ற வாரம் என் தங்கை மகன், தன் ஸ்கேட்போர்டின் நான்கு சக்கரங்களிலும் பழுதின்றி ஓடிக்கொண்டிருந்த எட்டு எஃகு பேரிங்குகளைக் கழற்றி எறிந்துவிட்டு, பலகையின் விலையில் பாதிக்கு மேல் கொடுத்து வாங்கிய செராமிக் பேரிங்குகளைக் கொண்டுவந்து, அவற்றுள் ஒன்றைப் பென்சிலில் கோத்துச் சுண்டிவிட்டு, “பாருங்க மாமா, நிக்கவே மாட்டேங்குது” என்று பெருமிதத்தோடு காட்டினான். பையன்மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பென்சில் சுழற்சியையே பரீட்சையென்றும் நிரூபணமென்றும் ஊரெல்லாம் நம்ப வைத்திருக்கும் வியாபாரத்தின்மேல்தான் என் கோபமெல்லாம்.

பென்சிலில் சுழலும் பேரிங் எந்தப் பாரத்தையும் சுமப்பதில்லை. அது எவ்வளவு நேரம் சுழலும் என்பதை நிர்ணயிப்பவை பெரும்பாலும் உள்ளேயிருக்கும் கிரீஸும் ஓரத்து மூடியுமேயன்றிக் குண்டுகள் அல்ல. கிரீஸ் நிறைந்த புது எஃகு பேரிங்கைச் சுண்டினால் சில சுற்றோடு நின்றுவிடும். அதையே மண்ணெண்ணெயில் அலசித் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால், எந்தச் செராமிக்குக்கும் சளைக்காமல் அதுவும் நெடுநேரம் சுழலும். ஆனால் மழையிலும் மணலிலும் பேரிங்கைக் காப்பாற்றுவது, சுழற்சியை மந்தமாக்குகிறதென்று இவர்கள் பழிக்கும் அதே கிரீஸ்தான். காவலை நீக்கிவிட்டு அதன் பெயர் வேகம் என்று சொல்லி விற்பதைப் பித்தலாட்டம் என்றல்லாமல் வேறெப்படிச் சொல்வது?

நம் வீட்டுக் கூடத்தில் தொங்கும் மின்விசிறியை ஒரு கணம் அண்ணாந்து பார்க்கும்படி வாசகர்களை வேண்டுகிறேன். அதனுள் இருப்பவை சாதாரண எஃகு பேரிங்குகள். நிமிஷத்துக்கு 350 சுற்று என்று வைத்துக்கொண்டால், இரவும் பகலும் ஓடும் விசிறி ஒரே நாளில் ஐந்து லட்சம் சுற்றுகளைக் கடக்கிறது. 52 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்கேட்போர்டுச் சக்கரம் அத்தனை சுற்றுச் சுற்றினால் சென்னையிலிருந்து காஞ்சிபுரத்தையே தாண்டிவிடும். ஒருவரும் எண்ணெய் விடாமல், ஒருவரும் நினைத்துப் பார்க்காமல், வருஷக்கணக்கில் இந்தச் சேவையைச் செய்துவரும் எஃகு, பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் பலகையில் உருளும் பையனுக்கு மட்டும் எப்படிப் போதாமற் போயிற்று?

ஸ்கேட்போர்டில் உபயோகமாவது 608 என்ற எண்ணுள்ள சிறு பேரிங். 8 மில்லிமீட்டர் துளை, 22 மில்லிமீட்டர் வெளிவிட்டம், உள்ளே ஏழு குண்டுகள். 70 கிலோ எடையுள்ளவர் பலகையில் நிற்கும்போது, பேரிங் உராய்வு முழுவதையும் சேர்த்துச் சக்கரத்தின் விளிம்பில் கணக்கிட்டால், ஏறத்தாழ 16 கிராம் எடை இழுக்கும் அளவே வருகிறது. யூரித்தேன் சக்கரம் தரையில் அமுங்கி நிமிர்வதில் இதைப்போலப் பல மடங்கு சக்தி விரயமாகிறது. எஃகைவிடச் செராமிக் குண்டுகளின் பொருளான சிலிக்கன் நைட்ரைடு இலேசானது என்பது மெய்; ஆனால் எட்டு பேரிங்குகளிலும் சேர்த்து இதனால் குறையும் எடை சுமார் 8 கிராம். சட்டைப்பையிலிருந்து இரண்டு மூன்று ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்துவைத்தால் அதே லாபம் செலவில்லாமல் கிட்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் இச்சக்கரம் நிமிஷத்துக்குச் சுமார் 2,000 சுற்றே சுற்றுகிறது. எஃகு 608-ஓ 30,000 சுற்றுக்கும் அஞ்சாதது.

துருப்பிடிக்காது என்பது அடுத்த புரளி. கோவளத்துக் கடற்கரைப் பக்கம் பலகையோட்டிய ஒரு வாலிபரின் செராமிக் பேரிங்கை, ஊசியால் மூடியை நெம்பித் திறந்து பார்த்திருக்கிறேன். குண்டுகள் கருமையாகப் பளபளத்தன. அவை உருளவேண்டிய எஃகு வளையம் செம்பழுப்பாகப் பொரிந்து கிடந்தது. கடைகளில் செராமிக் என்று விற்பவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் குண்டு மட்டுமே செராமிக், வளையங்கள் எஃகு என்ற உண்மையைப் பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் அச்சிட ஏன் தயக்கம்? அதுமட்டுமன்று: அழுத்தத்துக்கு இளகாத அந்தக் கடினமான குண்டு, படிக்கட்டிலிருந்து குதித்து இறங்கும்போது, எஃகுக் குண்டைவிடக் கூர்மையாக வளையத்தை அழுத்துகிறது.

மோட்டார் விஷயத்திலும் இதே கூத்துதான். செராமிக் போட்டால் கரண்ட் பில் குறையுமென்று, எங்கள் பகுதி ரீவைண்டிங் கடையொன்றில் ஒரு மூதாட்டியிடம் கிரைண்டர் மோட்டாருக்குச் சிபாரிசு செய்ததைக் காதாரக் கேட்டேன். மறுபடியும் அதே மின்விசிறியைப் பாருங்கள்: 75 வாட் இழுத்த பழைய விசிறிக்குப் பதிலாக இன்று முப்பது வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி வந்திருக்கிறதென்றால், அந்தச் சிக்கனம் மோட்டாரின் அமைப்பினால் வந்ததேயொழியப் பேரிங்கினால் வந்ததன்று. பேரிங் தின்னும் சக்தி ஓரிரு வாட்டுக்குள் அடங்கிவிடும். செராமிக் குண்டுகள் மெய்யாகவே பயன்படும் இடங்கள் உண்டு: பல் வைத்தியரின் கருவி நிமிஷத்துக்கு லட்சக்கணக்கில் சுற்றுகிறது. அமெரிக்க விண்ணோடத்தின் எஞ்சினுக்குத் திரவ ஆக்ஸிஜனை இறைத்த பம்பில் 1995-ல் சிலிக்கன் நைட்ரைடுக் குண்டுகள் இடம்பெற்றன. அவற்றின் கீர்த்தியைக் கடன் வாங்கி, மாவாட்டும் கல்லுக்கு விலை ஏற்றுவது எந்த நியாயம்?

இந்த வியாபாரத்தின் இன்னோர் ஆயுதம் ஏ.பி.இ.சி. என்ற முத்திரை. 1, 3, 5, 7, 9 என்று ஏறும் அந்த அமெரிக்கத் தர எண்கள் பேரிங்கின் அளவுகளும் சுழற்சியும் எவ்வளவு துல்லியம் என்பதைத்தான் சொல்லும். குண்டின் வஸ்து, கிரீஸ், பாரம் தாங்கும் சக்தி, உழைப்பு எதைப் பற்றியும் வாய் திறவா. 9 என்று பொறித்துவிட்டால் பேரிங் பறக்குமென்று பிள்ளைகள் நம்புகிறார்கள். பழைய பேரிங்கைத் தேய்த்து மெருகேற்றிப் பெரிய கம்பெனியின் பெட்டியில் போட்டு விற்கும் மோசடியும் இதே சந்தையில்தான் நடக்கிறது. நுகர்வோர் உரிமை பேசுகிறவர்கள் அதன்பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

இதனால் நேர்ந்த நஷ்டம் பணத்தோடு நிற்கவில்லை. இருபுறமும் ரப்பர் மூடியிட்ட நல்ல எஃகு பேரிங் எட்டும், ஒரு சிறு டப்பா கிரீஸும் கேட்டுச் சென்ற வாரமே இரண்டு கடை ஏறி இறங்கினேன். ரப்பர் மூடியா, தகட்டு மூடியா என்ற வித்தியாசமே இரண்டிடத்திலும் தெரியவில்லை. கிரீஸ் இருப்பில் இல்லை. செராமிக் பெட்டிகள் மட்டும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன.