காபற் வீதியின் கரையை யார் காப்பது?

மண்சரிவு என்றவுடன் எங்களுக்கு மலையகம்தான் நினைவுக்கு வரும். 2014 ஒக்ரோபரில் மீரியபெத்தையில் லயன் அறைகள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைகளைப் பெயர்த்ததையும் மறக்க முடியாது. வன்னி தட்டை நிலம்தானே, இங்கே சரிய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நாங்களே கொட்டி உயர்த்திய வீதிகளின் கரைகள் இருக்கின்றன.

போருக்குப் பின்னர் ஏ9 வீதியும் பரந்தன் – முல்லைத்தீவு வீதியும் புதுப்பிக்கப்பட்டன. உள்வீதிகளை அகலிக்கும் வேலைகள் இன்றும் நடக்கின்றன. வயலையும் தாழ்நிலத்தையும் ஊடறுத்துச் செல்லும் இடங்களில் இவ்வீதிகள் ஒவ்வொன்றும் ஒரு சிறிய குளக்கட்டுத்தான்.

எங்கள் ஊர் வீதியை அகலித்தபோது நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிப்பர் வந்து பழைய கரையின் மேலேயே கிரவலைக் கொட்டியது. றோலர் மேற்பரப்பில் மட்டும் ஓடியது. காபற் போட்டதும் எல்லோருக்கும் சந்தோசம். முதல் மாரியிலேயே கரையில் சிறு ஓடைகள் விழுந்தன. அடுத்த மாரியில் வீதியின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு வந்தது. பழைய மண்ணும் புதிய மண்ணும் பிரிகிற கோடு அது.

பழைய சரிவைப் படிக்கட்டுப்போல வெட்டி, அந்தப் படிகளில் புது மண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் ஈரப்பதம் பார்த்து இறுக்கியிருந்தால் இரண்டும் ஒன்றாகியிருக்கும். அப்படிச் செய்யாவிட்டால் புது மண் பழைய கரையில் சாய்ந்து நிற்குமே தவிர, அதோடு சேராது.

அடுத்தது சரிவின் அளவு. சாதாரண மண்கரை ஒரு மீற்றர் உயர்ந்தால், பக்கவாட்டில் ஏறத்தாழ இரண்டு மீற்றர் விரிய வேண்டும். அதற்குக் காணி வேண்டும். காணி எடுக்காமல் அகலிக்கும்போது கரை செங்குத்தாகிறது. அப்படியான இடத்தில் தாங்குசுவரோ கம்பிவலைக் கல்கூடையோ வைக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மிச்சம் பிடித்த பணத்தை மழை திருப்பி வசூலிக்கும். இடப்பெயர்வில் உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் தொலைத்தவர்களின் வேலியைச் சத்தமில்லாமல் தள்ளிவைப்பதும் இதற்குத் தீர்வல்ல.

மலையகத்தில் வெட்டிய சரிவுகளுக்கு இரும்பு ஆணிகளைச் செலுத்தி, கொங்கிரீட் விசிறுவார்கள். எங்கள் கரைகளுக்கு அவ்வளவு தேவையில்லை. மாரிக்கு முன்னரே புல் பதித்து வேர்பிடிக்க விடுவதும், அரிக்கும் இடங்களில் வெட்டிவேர் வரிசை வைப்பதும், மதகின் வாயில் கல் அடுக்குவதும் பெரும்பாலும் போதும். குளக்கட்டில் புல்லை வளர்த்து, அலை அடிக்கும் பக்கத்தில் கல் பதித்த எங்கள் முன்னோருக்கு இது தெரிந்த வேலை.

ஆனால் புல்லும் கல்லும் மட்டும் காப்பாற்றாது. தண்ணீருக்கு வழி வேண்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியதை அனுபவித்தவர்கள் நாங்கள். மதகு சிறிதாக இருந்தால் உயர்ந்த வீதி அணையாகிவிடும். ஒரு பக்கத்து வீடுகளில் வெள்ளம் தேங்கும். வீதிக்கு மேலால் பாய்ந்தால் மறுபக்கச் சரிவு கரைந்துபோகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரையை விரிக்க வீதியோரத்தை வெட்ட வேண்டும், வேறிடத்தில் மண் அகழ வேண்டும். 2023 யூன் 29 அன்று கொக்குத்தொடுவாயில் வீதியோரம் குடிநீர்க் குழாய்க்கு வெட்டியபோதுதான் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. வன்னியில் பெக்கோ இறங்கும் இடமெல்லாம் வெறும் மண் அல்ல. வெடிபொருளோ எலும்போ தென்பட்டால் அந்த இடத்திலேயே வேலையை நிறுத்தி அறிவிக்க வேண்டும். அவசரத்தில் அள்ளிக் கரைக்குள் புதைத்துவிட்டால், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தேடும் சாட்சியமும் காபற்றின் கீழ் போய்விடும்.

எனவே அடுத்த வீதி தொடங்கும்போது கிராம அபிவிருத்திச் சங்கமும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவும் இவற்றைக் கேட்கட்டும்: பழைய கரையைப் படிவெட்டுவீர்களா? புல் எப்போது பதிப்பீர்கள்? மதகுகளின் அகலம் என்ன? மண் எங்கிருந்து வருகிறது? காபற் போட்ட பின்னர் கேட்டால், மறுமொழி அடுத்த மாரிதான் சொல்லும்.