இருநூறு பவுண் பேராசையா?

டபிள்யூ. டபிள்யூ. ஜேகப்ஸின் 'குரங்கின் பாதம்' பற்றிக் கதைக்கத் தொடங்கினால், இரண்டு நிமிசத்துக்குள் யாராவது ஒராள் "பேராசை பெரு நட்டம்" என்று முடித்துவிடுவார். நோட்ஸ் கொப்பிகளிலும் அதுதான், யூரியூப் விளக்கங்களிலும் அதுதான். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்தக் கதையில் பேராசைக்காரர் என்று ஒருவரையும் நான் காணவில்லை. கடனோடு இருக்கிற ஒரு குடும்பத்தைத்தான் காண்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாய். 1902 இல் வெளிவந்த ஆங்கிலச் சிறுகதை. இங்கிலாந்தில் ஊரை விட்டு ஒதுங்கிக் கிடக்கிற ஒரு தெரு. அங்கே வைற் என்ற வயசாளி, அவருடைய மனைவி, மகன் ஹேர்பேர்ட். மழை கொட்டுகிற ஓர் இரவில் சார்ஜன்ட் மேஜர் மொறிஸ் என்ற பழைய சினேகிதர் வருகிறார். 21 வருசம் வெளியில் இருந்துவிட்டு வந்த ஆள். இந்தியாவில் ஒரு பக்கிரி மந்திரித்த, காய்ந்துபோன குரங்குப் பாதம் ஒன்று அவரிடம் இருக்கிறது. மூன்று பேருக்கு, ஆளுக்கு மூன்று வரம் தரும். மொறிஸ் அதை நெருப்புக்குள் எறிய, வைற் பாய்ந்து எடுத்துவிடுகிறார். இருநூறு பவுண் கேட்கிறார். அடுத்த நாள் மகன் வேலைத்தலத்தில் இயந்திரத்துக்குள் அகப்பட்டுச் சாகிறான். கம்பனி கொடுக்கிற காசு, சரியாக இருநூறு பவுண். மற்ற இரண்டு வரங்களுக்கும் பிறகு வருகிறேன், அதனால் முடிவு தெரியவேண்டாம் என்பவர்கள் முதலில் கதையை வாசித்துவிட்டு வாங்கோ. அரை மணித்தியாலம் கூடத் தேவைப்படாது.

இந்த 'இருநூறு' எங்கே இருந்து வந்தது என்று ஒருக்கால் பாருங்கோ. பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன கேட்பது என்றே வைற்றுக்குத் தெரியவில்லை. வேண்டியது எல்லாம் தன்னிடம் இருக்கிறது போலத்தான் தெரிகிறது என்கிறார். பேரரசர் ஆகச் சொல்லிக் கேளுங்கள் என்று மகன் பகிடி பண்ணியதையும் அவர் எடுக்கவில்லை. கடைசியில் ஹேர்பேர்ட்தான் சொல்கிறான்: வீட்டுக் கடனை அடைத்துவிட்டால் உங்களுக்கு நிம்மதிதானே, அதற்கு இருநூறு பவுண் போதும், அதைக் கேளுங்கள். மாளிகை கேட்கவில்லை. முந்நூறு கூடக் கேட்கவில்லை. கடன் எவ்வளவோ அவ்வளவு. மந்திரப் பொருள் கையில் கிடைத்த பிறகும் கடன்காரக் கணக்குப் பார்த்துக் கேட்கிற ஒரு மனிசனைப் பேராசைக்காரன் என்று சொல்ல எப்படி மனம் வருகுதோ தெரியாது.

இந்தக் குடும்பத்தின் வர்க்கத்தை ஜேகப்ஸ் நேராகச் சொல்வதில்லை. சாமான்களை வைத்துச் சொல்கிறார். வீட்டுக்குப் பெயர் 'லபர்னம் வில்லா'. பெயர் பெரிசு, ஆனால் வாசல் பாதை சேறு, தெருவில் வெள்ளம், அந்தத் தெருவிலேயே இரண்டு வீட்டுக்குத்தான் ஆள் வந்திருக்கிறது. வீட்டில் பியானோ உண்டு, சதுரங்கம் உண்டு, விருந்தாளிக்கு ஊற்ற விஸ்கி உண்டு. அடுத்த நாள் காலையில் தபால்காரர் கதவைத் தட்டும்போது திருமதி வைற் ஓடிப்போய்ப் பார்த்தால் வந்திருப்பது தையல்காரரின் பில். ஏழைகள் என்று சொல்ல ஏலாது, வசதியானவர்கள் என்றும் சொல்ல ஏலாது. கௌரவமாக இருக்கிறோம் என்று காட்டவே கையிலுள்ள காசில் பாதி போய்விடுகிற வர்க்கம் அது. அந்தக் கௌரவத்தின் அடியில் தொழிற்சாலைக்குப் போகிற ஒரு பொடியனின் சம்பளம் இருக்கிறது.

எனக்குக் கதையில் மிகவும் பிடித்த இடம் பேய் வருகிற இடமல்ல, கம்பனிக்காரர் வருகிற இடம். நல்ல உடுப்புப் போட்டு, பளபளக்கும் புதுப் பட்டுத்தொப்பியோடு ஒருவர் வெளியில் நிற்கிறார். மூன்று தரம் படலையடியில் வந்து தயங்கி நிற்கிறார், நாலாவது தரம்தான் திறக்கிறார். உள்ளே இருந்து பார்க்கிற திருமதி வைற்றுக்கு முதலில் கண்ணில் படுவது அவருடைய உடுப்பு. இருநூறு பவுணோடு அதை மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொள்கிறார். ஏப்ரனை அவசரமாக அவிழ்த்துக் கதிரையின் குஷனுக்குக் கீழே ஒளிக்கிறார். வந்தவரிடம் அறை இருக்கிற கோலத்துக்கும், புருசன் போட்டிருக்கிற தோட்டத்துக் கோட்டுக்கும் மன்னிப்புக் கேட்கிறார். பிள்ளை செத்த செய்தியோடு வந்த ஆளிடம் அந்தத் தாய் கோட்டுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். வர்க்கம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்த எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது. இந்தப் பந்தியைத்தான் வகுப்புகளில் பெரும்பாலும் தாண்டிப் போகிறார்கள்.

வந்தவரும் பெரிய ஆள் கிடையாது. தான் வெறும் வேலைக்காரன், சொன்னதைச் செய்கிறேன் என்று அவரே சொல்கிறார். ஆறுதல் சொல்லும்போது அவர்களை நிமிர்ந்து பார்க்க மாட்டாமல் நிற்கிறார். கதையில் அவருக்குப் பெயர் கூட இல்லை. பெயர் இருப்பது கம்பனிக்கு, 'மோ அன்ட் மெகின்ஸ்'. அந்த இரண்டு முதலாளிகளும் கதைக்குள் காலடி எடுத்து வைப்பதே இல்லை.

அவர் சொல்லுகிற செய்தியைக் கவனியுங்கோ. கம்பனி எந்தப் பொறுப்பையும் ஏற்கவில்லை. ஆனாலும் உங்கள் மகனின் சேவையை மதித்து ஒரு தொகை தருகிறோம். இதை வாசிக்கிறபோது பிரித்தானியாவின் 1897ஆம் ஆண்டு வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் ஞாபகத்தில் இருக்கவேண்டும். அதற்கு முந்தி, 1880ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளி பக்கத்துக் கவனயீனத்தை நிரூபித்தால்தான் தொழிலாளிக்குக் காசு. 1897 இல் அது மாறியது. தொழிற்சாலை, சுரங்கம், புகையிரதப் பாதை போன்ற இடங்களில் வேலையின்போது விபத்து நடந்தால், பிழை யாருடையது என்று பார்க்காமலே முதலாளி கொடுக்கவேண்டும். வேலையாள் வேண்டுமென்றே பாரதூரமான பிழை விட்டிருந்தால் தவிர. இறந்தவரின் உழைப்பில் முழுக்கத் தங்கியிருந்தவர்களுக்கு அவருடைய மூன்று வருசச் சம்பளம், அல்லது 150 பவுண், இதில் எது கூடவோ அது. உச்சம் 300. ஓரளவு தங்கியிருந்தவர்களுக்கு அந்த எல்லைக்குள் நியாயமான ஒரு தொகை. (1934 இல் இலங்கைக்கு வந்த வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமும் இந்த வழியில் வந்ததுதான்.)

இப்ப இருநூறைத் திரும்பப் பாருங்கோ. மூன்றால் பிரித்தால் வருசத்துக்கு 66 பவுண் சொச்சம், கிழமைக்கு 25 ஷில்லிங் சொச்சம். ஒரு தொழிற்சாலைப் பொடியனுக்கு நம்பக்கூடிய சம்பளம். கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று ஜேகப்ஸ் குறிப்பிடவில்லை, ஆனால் 1902 இல் வாசித்தவர்களுக்கு இந்தச் சட்டம் புதுசு. சட்டப்படி கொடுக்கவேண்டியதாக இருந்திருக்கக்கூடிய காசைக் கம்பனி தன் தயவாக மாற்றிக் கொடுக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். அந்த இயந்திரத்துக்குப் பாதுகாப்பு மறைப்பு இருந்ததா, யார் ஓடவிட்டது, எத்தனை மணித்தியாலமாக வேலை செய்தான், தாயும் தகப்பனும் ஒன்றையும் கேட்கவில்லை. எவ்வளவு என்று மட்டும் தகப்பன் கேட்கிறார். பேராசையில் கேட்டதல்ல அது. என்ன பதில் வரும் என்று தெரிந்த பயத்தில் கேட்டது.

பாடப்புத்தகப் பாணியில் 'முரண்பாடு: மனிதன் எதிர் விதி' என்று எழுதிவிடலாம்தான். கதையே அப்படித்தான் தொடங்குகிறது: விதியை மாற்றப் பார்த்தால் துன்பம் வரும் என்று காட்டத்தான் பக்கிரி மந்திரித்தாராம். ஆனால் இந்த 'விதி' யாருக்கு வசதி? இருக்கிற இடத்தில் இரு, கடனோடு இரு, மேலே வர ஆசைப்படாதே. மோவும் மெகின்ஸும் இதற்குத் தலையாட்டியிருப்பார்கள். குடும்பத்துக்கும் கம்பனிக்கும் நடந்திருக்கவேண்டிய சண்டை நடக்காமலே போய், பழி முழுக்க ஒரு குரங்குப் பாதத்தில் விழுகிறது. அதுவும் இந்தியாவில் இருந்து வந்த பாதம். மொறிஸும் ஒரு காலத்தில் பண்டகசாலையில் நின்ற ஒல்லிப் பொடியன். பேரரசின் படையில் சேர்ந்து தப்பியவர், திரும்பும்போது இதைக் கொண்டுவருகிறார். அந்தக் காலத்து ஆங்கிலப் பேய்க்கதைகளில் இது பழகிப்போன வழக்கம், ஆபத்து எப்பவும் கிழக்கில் இருந்துதான் வரும். ஹேர்பேர்ட்டை நசித்தது உள்ளூர் இரும்பு.

இது கொஞ்சம் அதிகமான வாசிப்பு என்று சொல்வீர்கள். ஜேகப்ஸ் சீர்திருத்தவாதி இல்லை, உண்மைதான். மாலுமிகளை வைத்து நகைச்சுவைக் கதை எழுதிப் பெயர் எடுத்தவர். ஆனால் 1863 இல் லண்டன் துறைமுகப் பக்கமான வொப்பிங்கில் பிறந்தவர், தகப்பன் அங்கே இறங்குதுறை முகாமையாளர். அவரே அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் பல வருசம் எழுதுவினைஞராக இருந்தவர். சின்ன மனிசரின் சின்னத் தொகைகளை நாள் முழுக்கப் பார்த்திருந்த ஆளுக்கு இருநூறு என்ற எண் சும்மா வந்து விழுந்திருக்காது.

கடைசி இரவில்தான் வீட்டுக்குள் சண்டை வருகிறது. மகனைத் திருப்பிக் கேள் என்று தாய் நிற்கிறாள். தகப்பனுக்குப் பயம், ஏனென்றால் உடலைப் பார்த்தவர் அவர் மட்டும்தான். உடுப்பை வைத்துத்தான் அடையாளம் கண்டார். கதவு தட்டப்படுகிறது. மேல் தாழ்ப்பாள் எட்டாமல் அவள் கதிரையை இழுத்து வைத்து ஏற, அவர் நிலத்தில் தவழ்ந்து பாதத்தைத் தேடி மூன்றாவது வரத்தைக் கேட்கிறார். தாயைப் புத்தி பேதலித்தவளாகவும் தகப்பனை விவேகியாகவும் வாசிப்பது சுலபம். எனக்கு அப்படித் தெரியவில்லை. இயந்திரம் ஒரு உடம்பை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். எப்படி வந்தாலும் அவன் என் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். இரண்டு பேரும் சரி. ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டுகிற அந்த நேரத்தில் மோ அன்ட் மெகின்ஸின் ஞாபகம் இரண்டு பேருக்கும் வரவில்லை.

கதவைத் திறந்தால் வெறுந்தெரு, எதிரே ஒரு விளக்கு. அந்த இருநூறு பவுணில் வீட்டுக் கடன் அடைபட்டதா என்று ஜேகப்ஸ் ஓரிடத்திலும் சொல்லவில்லை. தையல்காரரின் பில்லை யார் கட்டியது என்பதும் தெரியாது.